நகுலேஸ்வரன் வீட்டு விறாந்தையில் இறங்கிய தலைப்பாகைகள்

2005ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இரண்டாம் திகதியிலிருந்து முப்பதாம் திகதிவரை, மொன்ட்ரியால்-நோரில் நகுலேஸ்வரன் வீட்டு முன்விறாந்தையில் கால் வைத்த கலியாணமாகாத ஆண்கள் எல்லோருடைய தலையிலும் மாப்பிள்ளைத் தலைப்பாகை வந்து இறங்கியது. படியிறங்கித் தெருவுக்குப் போனதும் அது மறைந்துவிடும். முதலாவது தலைப்பாகை கடை விளம்பரத் தாள் போடுகிறவருக்குக் கிடைத்தது. அவர் தாள்களைப் பெட்டிக்குள் போட்டார், தலையைத் தடவினார், யன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் தலைப்பாகையைக் கொஞ்சம் நேராக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அன்றைக்கு வெளியே வெப்பநிலை நாலு பாகை. தமிழ்க் கடையில் கத்தரிக்காய் இறாத்தல் ஒரு டொலர் நாற்பது.

இதெல்லாம் வசந்தகாலத்துக்கு வீட்டு முகப்பை மலிவாக அலங்கரிக்கப் போய் வந்த வினை. நகுலேஸ்வரனும் மனைவி புஷ்பவதியும் பதினாறு வருடம் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு, முந்தின இலையுதிர்காலத்தில்தான் அந்த இரண்டு மாடி வீட்டை வாங்கியிருந்தார்கள். கீழ்த்தட்டில் அவர்களும் மகள் கஜந்தினியும். மேல்தட்டில் கெத்தான், லுசீல் என்ற கியூபெக்காரத் தம்பதி வாடகைக்கு இருந்தார்கள். மேலே போகும் வளைந்த இரும்புப் படி முன்விறாந்தையிலிருந்துதான் தொடங்கும். ஆனால் அந்த இரண்டு பேரும் குளிர்காலம் முழுக்கப் புளோரிடாவில் கிடப்பவர்கள், ஏப்ரல் முடியத்தான் திரும்புவார்கள். மார்ச் கடைசியில் பனி கரைந்தபோது விறாந்தையில் வெளிப்பட்டவை: துருப்பிடித்த கைபிடிக் கம்பி, அரைமூட்டை உப்பு, வெடித்த வாளி, முந்தின வீட்டுக்காரர் கழற்றாமல் விட்ட நத்தார் பல்பு மாலை. பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவரோ அதற்குள் தன்னுடைய இரண்டு சீமெந்துச் சிங்கங்களையும் கழுவித் துடைத்து வாசலில் இருத்திவிட்டார்.

"உந்தச் சிங்கங்களின்ரை மூஞ்சையைப் பாத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகேலாதப்பா. எங்கடை வாசலும் ஒரு வாசல் மாதிரி இருக்க வேண்டாமே?" என்றாள் புஷ்பவதி. அவள் ஒரு தையல் தொழிற்சாலையில் காற்சட்டைகளுக்கு ஸ்திரி போடுகிறவள். ஒரு மடிப்புப் பிசகினாலும் அவளுக்கு நித்திரை வராது. நகுலேஸ்வரன் ஒரு கிரேக்க உணவகத்தில் சமையல்காரர். கஞ்சன் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. காசின் மேல் அவருக்குப் பாசம் அதிகம், பிரிய மனம் வராது, அவ்வளவுதான். இருபது டொலருக்கு மேல் இல்லை என்று சொன்னார். பிறகு அந்த இருபதையும் பிரிய மனமில்லாமல் நண்பர் கணேசலிங்கத்தின் வீட்டு நிலவறைக்குப் போனார். கணேசலிங்கம் கலியாணங்களுக்கு மணவறைச் சோடனை வாடகைக்கு விடுகிறவர். பழசாகிப்போன சாமான்களைச் செவ்வாய்க்கிழமை குப்பைக்கு வைக்க இருந்தார். இரண்டு பிளாஸ்டிக் வாழைமரம், பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் நாற்பது அடி, சாயம் போன மல்லிகைச் சரம், மூடி தொலைந்த பன்னீர்ச் செம்பு, ஒரு சிவப்புக் கம்பளம் எல்லாமாக நகுலேஸ்வரனின் வானுக்குள் ஏறின. இருபது டொலர் பத்திரமாகப் பொக்கற்றிலேயே வீடு திரும்பியது.

சனிக்கிழமை காலை சோடனை நடந்தது. இடப்பக்க வாழையைக் கட்டக் கைபிடிக் கம்பி இருந்தது. வலப்பக்கம் கம்பி உடைந்திருந்தது. நகுலேஸ்வரன் பின்பக்கம் போய், குளிர்காலத்தில் காரை மூடும் வெள்ளைக் கூடாரத்தின் இரும்புப் பைப் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து, விறாந்தை ஓரத்து மண்ணில் அடித்து நட்டார். அது வீட்டின் ஈசான மூலை. மனிதர் அதைப் பற்றி யோசிக்கவேயில்லை. புஷ்பவதி வெளியே வந்து பார்த்தாள். மொட்டைக் கம்பி வாசலில் நிற்கக் கூடாது என்று சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஒரு கொத்து மாவிலை கட்டினாள். இருபத்தைந்து சதத்தை மஞ்சள் துணியில் முடிந்து கட்டினாள். குளிர்சாதனப் பெட்டியில் திகதி கடந்த பால் கொஞ்சம் கிடந்தது, வீணாய்ப் போகாமல் அதையும் அடியில் ஊற்றினாள். காருக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும்கூடச் சந்தனப் பொட்டு வைக்கிற கை அது, சும்மா இராது. ஈசான மூலையில் கால் நட்டு, காசு முடிந்து, பால் ஊற்றினால் அதற்கு என்ன பெயர் என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். அந்த இரண்டு பேருக்கும் அன்று காலை மறந்துபோயிற்று. விறாந்தைக்கு மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முதல் விருந்தினர் வந்தார்கள். லவாலிலிருந்து ஒரு குடும்பம், பட்டுச்சேலை, வேட்டி, கையில் வண்ணத்தாளில் சுற்றிய ரைஸ் குக்கர். கதவைத் திறந்த புஷ்பவதிக்கு அவர்களைத் தெரியாது. அவர்களுக்கும் புஷ்பவதியைத் தெரியாது. ஆனால் கலியாணக் காட் வந்ததாகச் சொல்லி எடுத்துக் காட்டினார்கள். தங்க எழுத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, முகவரிகூடச் சரி. மணமகன் பெயரும் மணமகள் பெயரும் இருக்க வேண்டிய இடங்கள் மட்டும் வெறுமையாயிருந்தன. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. நம்முடைய ஆட்கள் கலியாணக் காட்டில் சாப்பாட்டு நேரத்தைத் தவிர வேறெதை வாசித்திருக்கிறார்கள்? சோடித்த வாசலுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியாது. நகுலேஸ்வரன் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பாயாசம் என்று இறங்கினார். பின்னேரம் இருபத்தாறு பேர். அடுத்த ஞாயிறு நூற்றெண்பது பேர், லொங்குய்யிலிருந்து ஒரு பஸ் பிடித்து வந்தவர்கள் வேறு. அந்த வருடம் சம்பளத் தகராறில் ஹொக்கி ஆட்டங்கள் எல்லாம் நின்றுபோயிருந்தபடியால் தெருவில் மற்றவர்களுக்கும் செய்ய வேலையில்லை. ஹெயிற்றிக்காரரும் இத்தாலியரும் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து பந்தியில் இருந்தார்கள். இத்தாலியக் கிழவர் இரண்டாம் முறை பாயாசம் கேட்டார். மூன்றாவது வாரம் ரைஸ் குக்கர் மட்டும் முப்பத்தொன்று சேர்ந்திருந்தது. அலங்காரத்தில் மிச்சம்பிடித்த இருபது டொலர் எந்தப் பாத்திரத்தில் கரைந்தது என்று நகுலேஸ்வரனுக்கே தெரியவில்லை.

கஜந்தினிக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். அவளுக்கு இருபத்துநாலு வயது. நகர பஸ் ஓட்டுவதற்கு விண்ணப்பித்து, கண் பரிசோதனை, வீதிப் பரிசோதனை எல்லாம் தாண்டி, மே மாதம் இரண்டாம் திகதி திங்கட்கிழமை பயிற்சிக்கு வரச்சொல்லிக் கடிதமும் வந்திருந்தது. பதினொரு வயதில் பள்ளிக்கூடத்துக்கு ஏறிய முதல் பஸ்ஸிலிருந்தே அவளுக்கு அந்த ஆசை. அவ்வளவு பெரிய சாமானை அந்த ஒடுங்கின தெருவுக்குள் ஒரு மனுசி அலட்சியமாகத் திருப்பியதைப் பார்த்த நாள் தொடக்கம் வேறொன்றும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஏப்ரல் நாலாம் திகதி திங்கட்கிழமை காலை ஜீன்ஸும் ஜக்கற்றுமாகக் கதவைத் திறந்து விறாந்தையில் கால் வைத்தாள். ஜீன்ஸ் போய்க் கூறைச்சேலை வந்தது. நெற்றிப்பட்டம், சடைநாகம், கையில் மருதாணி, ஒன்றும் குறைவில்லை. உள்ளே பாய்ந்தாள், ஜீன்ஸ் திரும்பி வந்தது. வெளியே போனாள், கூறை. நாலு தரம் சோதித்துப் பார்த்துவிட்டு, "அம்மா! இதைக் கழட்டுங்கோ, இப்பவே கழட்டுங்கோ!" என்று கத்தினாள். அன்றிலிருந்து அவள் போக்குவரத்தெல்லாம் பின்பக்கச் சந்தால்தான். பனி கரைந்த அந்தச் சந்தில் ஐந்து மாதத்துக் குப்பையும் நாய்க் கழிவும் மிதந்துகொண்டிருந்தன.

கழற்றப் பார்க்காமல் இருக்கவில்லை. தோரணத்தின் ஒரு முடிச்சை நகுலேஸ்வரன் அவிழ்த்து அடுத்ததற்குப் போக, முதல் முடிச்சுத் தானாகவே இறுகிக்கொண்டது. கத்தரிக்கோல் பிளாஸ்டிக் மாவிலையில் வழுக்கியது. இரும்புப் பைப்பை அவரும் கணேசலிங்கமும் கட்டிப்பிடித்து இழுத்தார்கள், அசையவில்லை. மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது அதற்கு வேர் விட்டிருந்தது. பத்தாம் நாள் பைப்பின் உச்சியில் மூன்று முள்முருக்கிலைகள் துளிர்த்தன. அன்றிரவு சுழியத்துக்குக் கீழே மூன்று பாகை, இலைக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினைந்தாம் திகதிக்குள் கார்க் கூடாரத்துப் பைப்புகள் எல்லாம் கழற்றப்பட வேண்டுமென்பது சட்டம். நகரசபையிலிருந்து ஒருவர் தண்டம் எழுத வந்தார். விறாந்தையில் கால் வைத்ததும் அவருக்கும் தலைப்பாகை வந்தது. அவர் பைப்பையும் இலைகளையும் மாறிமாறிப் பார்த்து, இது மரம், அனுமதியில்லாமல் வெட்டினால்தான் தண்டம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு வடையும் சாப்பிட்டுப் போனார்.

கடைசியில் கோயில் ஐயரைக் கூட்டிவந்தார்கள். அவர் விறாந்தைக்கு ஏறாமல் தெருவில் நின்றே பார்த்தார். "கலியாணத்துக்கு நடுகிற கன்னிக்காலை நட்டுப் போட்டு அலங்காரம் எண்டு சொல்லுறியளோ? நட்டால் நட்டதுதான். செத்தவீடு விழுந்தாலும் கலியாணத்தை நிப்பாட்டேலாது. உதின்ரை நிழல்லை ஒரு தாலி ஏறும் மட்டும் உது ஒருத்தரையும் விடாது," என்றார். எந்த முகூர்த்தம் நல்லது என்று கேட்டார்கள். இந்த வாசல் பஞ்சாங்கம் பார்க்கிற வாசலாகத் தெரியவில்லை என்றார் ஐயர். தட்சிணை வாங்காமலே கிளம்பினார், ஒரு ரைஸ் குக்கரை மட்டும் மறுக்கவில்லை.

இனி இரவிச்சந்திரன். லவாலில் இன்சூரன்ஸ் விற்கிற முப்பத்துநாலு வயதுக்காரர். இரண்டாவது ஞாயிறு சாப்பிட வந்த இடத்தில் தலைப்பாகை இறங்கியது. யன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்தவர் பார்த்தபடியே நின்றுவிட்டார். உண்மையைச் சொன்னால் அவருக்கு அது எடுப்பாகத்தான் இருந்தது, முன்மண்டை வழுக்கையும் மறைந்தது. மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் நேரே வந்து, மடிப்புக் கதிரையொன்றை விரித்து விறாந்தையில் உட்காரத் தொடங்கினார். முதல் வாரம் நகுலேஸ்வரனை அங்கிள் என்றார். அடுத்த வாரம் மாமா என்றார். அதற்கடுத்த வாரம் பருப்புக்கு உப்புக் குறைவு என்றார். கஜந்தினி பஸ் ஓடப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் பெருந்தன்மையாகச் சிரித்து, "அது பறவாயில்லை மாமா. கலியாணத்துக்குப் பேந்து ஆர் வேலைக்குப் போகப்போகினம்? லவால்லை வீட்டுக்குப் பின்னாலை தோட்டம் கிடக்கு, அதைப் பாத்துக்கொண்டு இருக்கலாம்," என்றார்.

நகுலேஸ்வரன் கெட்ட மனிதரில்லை. ஆனால் களைத்துப்போனார். பகலில் கிரேக்கருக்குச் சமையல், பின்னேரம் ஊருக்குச் சமையல். பெரிய குளிர்சாதனப் பெட்டி மூச்சை விட்டுவிட்டது. இருபத்தேழாம் திகதி புதன்கிழமை அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மகளின் முகத்தைப் பாராமல் சொன்னார்: "எப்பிடியும் ஒருநாள் செய்யத்தானே வேணும் பிள்ளை. ஊரே வந்து வாசல்லை நிக்குது. பெடியனும் குடிக்கிறேல்லையாம். சனிக்கிழமை முடிச்சு விடுவம்." புஷ்பவதி மேசைத் துணியின் மடிப்பை நீவினாள். தான் ஊற்றிய பாலால் வந்தது என்று அவளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. கஜந்தினி அழவில்லை. "அப்பா, நான் திங்கக்கிழமை பஸ் எடுக்கப் போறன். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய் ஒரு பையில் உடுப்புகளை அடுக்கினாள். சந்தால் போய்விடுவதென்று முடிவு செய்திருந்தாள். போனால் அப்பாவின் முகத்தை எத்தனை வருடத்துக்குப் பிறகு பார்ப்பேனோ என்ற பயம் அவளைப் பிடித்து உலுப்பியது.

வியாழக்கிழமை பின்னேரம் கெத்தானும் லுசீலும் புளோரிடாவிலிருந்து வந்து இறங்கினார்கள். இரண்டு பேரும் அரைக்காற்சட்டை, வெயிலில் வெந்த முகம், கையில் ஒரு பெட்டி தோடம்பழம். விறாந்தையில் எழுபது பேர் மட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் பொன்ஜூர் சொல்லிக்கொண்டே கெத்தான் இரும்புப் படியை நோக்கிப் போனார். மூன்றாவது அடி வைத்தபோது, இரவிச்சந்திரனின் தலையிலிருந்த தலைப்பாகை எழும்பிப் பறந்து போய்க் கெத்தானின் தலையில் உட்கார்ந்தது. பின்னால் வந்த லுசீலின் அரைக்காற்சட்டை போய்க் கூறைச்சேலை வந்தது, நெற்றிப்பட்டம் சடைநாகத்தோடு. நரைத்த குட்டைத் தலைமயிரில் சடைநாகம் எங்கே பிடித்து நின்றதென்று தெரியாது, நின்றது. விருந்தினர் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் காட்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். வெறுமையாயிருந்த இரண்டு இடங்களிலும் பெயர்கள் எழுதியிருந்தன, கெத்தானுடையது எழுத்துப் பிழையோடு.

புஷ்பவதி பாயாச வாளியைக் கீழே வைத்துவிட்டாள். "அதுகள் புருசன் பெண்சாதியெல்லே?" என்றாள். இல்லை. முப்பத்தொரு வருடம் ஒன்றாக வாழ்ந்து, இரண்டு பிள்ளை பெற்று, ஒரு பேத்தியும் கண்டுவிட்டு, அவர்கள் இன்னும் கலியாணம் கட்டவில்லை. கியூபெக்கில் அது புதினமுமில்லை, பாதிப் பேர் அப்படித்தான். நம்முடைய ஆட்கள்தான் கேட்காமலே முடிவு கட்டிவிடுவார்கள். குடும்பம் நடத்தப் பழகுவதென்றால் மேல்வீட்டு லுசீலைப் பார்த்துப் பழகு என்று புஷ்பவதி மகளுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை. கஜந்தினி அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஆனால் லுசீல் மறுத்துவிட்டார். இளமையில் தன் தாயைப் பாதிரிமார் படுத்திய பாட்டைப் பார்த்துவிட்டு, பாதிரி முன்னாலும் நிற்பதில்லை, பத்திரத்திலும் ஒப்பமிடுவதில்லை என்று சபதம் செய்தவர் அவர். ஒரு விறாந்தைக்காக அதை விடமுடியாது என்று மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெள்ளிக்கிழமை கஜந்தினி பின்படியால் தேநீர் கொண்டுபோய் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் பிரெஞ்சில் சொன்னாள்: நீங்கள் மாட்டேனென்றால் நாளைக்கு அந்தத் தாலி எனக்கு ஏறும், ஏறினால் நான் பஸ் ஓடமாட்டேன், லவாலில் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். லுசீல் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு பத்திரம் உண்டா என்று கேட்டார். இல்லை, மூன்று முடிச்சுத்தான். பாதிரி உண்டா? ஐயர் ஒருவர் இருக்கிறார், ஆனால் அவரைத் தெருவுக்கு மற்றப் பக்கம் இருத்தலாம். கெத்தான் எனக்குக் கட்டினால் நானும் கெத்தானுக்குக் கட்டுவேன், சம்மதமா என்றார் லுசீல். கஜந்தினி இறங்கிவந்து இந்த நிபந்தனையைச் சொன்னாள். புஷ்பவதி தையல் பெட்டியைத் திறந்தாள். "கட்டட்டும். நூல் கிடக்கு," என்றாள்.

முப்பதாம் திகதி சனிக்கிழமை பதினொரு மணிக்கு அது நடந்தது. தெரு முழுக்க நானூறு பேர். ஐயர் இத்தாலியர் வீட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு சாய்மனைக் கதிரையில் இருந்து, தான் வரவில்லை என்ற பாவனையில் மெதுவாக மந்திரம் சொன்னார். பொன்னுக்கு வழியில்லாதபடியால் இரண்டு மஞ்சள் துண்டை இரண்டு நூலில் கோத்திருந்தாள் புஷ்பவதி. கெத்தானுக்கு மூன்று முடிச்சுப் போட நாலு நிமிடம் பிடித்தது. "முப்பத்தொரு வருசமா எப்பயாவது கேக்கமாட்டாளோ எண்டு பாத்துக்கொண்டிருந்தாராம்," என்று அவர் சொன்னதைக் கஜந்தினி உள்ளேயிருந்து யன்னல் வழியாக எல்லோருக்கும் மொழிபெயர்த்தாள். லுசீல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலைப்பாகை தடுக்காமல் குனியச்சொல்லி அவர் கழுத்தில் இறுக்கிக் கட்டினார். இரண்டாவது தாலியின் மூன்றாவது முடிச்சு விழுந்தபோது நாற்பது அடித் தோரணமும் ஒரே நேரத்தில் அவிழ்ந்து கொட்டியது. சனம் அறுகரிசி தூவி வாழ்த்தியது. இரவிச்சந்திரன் மடிப்புக் கதிரையை மடித்துக்கொண்டு, ஆனால் சாப்பிட்டுவிட்டுத்தான், போனார்.

அந்தத் தெருவில் இது பெரிய பேச்சாகவில்லை. கெத்தானும் லுசீலும் அரசாங்கப் படிவங்களில் தங்களை இன்னும் கலியாணமாகாதவர்கள் என்றே எழுதினார்கள். கழுத்து நூல்களுக்குப் புஷ்பவதி வருடாவருடம் மஞ்சள் பூசிக் கொடுத்தாள். இரும்புப் பைப் மரமாகவே நின்று, பனி கிடக்கும்போதே சிவப்பாகப் பூத்தது. இத்தாலியக் கிழவர் ஒரு கிளை முறித்துத் தரமுடியுமா என்று கேட்டார். நகுலேஸ்வரன் அடுத்த வசந்தத்துக்கு முழுக் காசும் கொடுத்து இரண்டு ஜெரேனியச் சட்டி வாங்கினார்.

கலியாணம் முடிந்து இரண்டு நாள் கழித்து, மே இரண்டாம் திகதி திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்குக் கஜந்தினி நீலச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையுமாக முன்கதவைத் திறந்தாள். விறாந்தையில் இறங்கினாள். உடனே போகாமல் நின்றாள். ஒரு நிமிடம் முழுக்க, வேண்டுமென்றே, இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். நீலச் சட்டை நீலச் சட்டையாகவே இருந்தது. யன்னலுக்கு உள்ளே தேநீரோடு நின்ற நகுலேஸ்வரன் முதல் மிடறைக் குடித்தார், மகளிடம் மன்னிப்புக் கேட்கப் பின்னேரம் வரும்வரை பொறுக்க வேண்டுமே என்று அவருக்குக் கவலையாயிருந்தது. புஷ்பவதிக்கு நிம்மதியில் கண் நிறைந்துவிட்டது. கூறை பிள்ளைக்கு எவ்வளவு வடிவாயிருந்தது என்ற ஆதங்கமும் அந்தக் கண்ணீரில் ஒரு சொட்டு இருந்தது, அதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. கதவைத் திறந்து, "பிள்ளை, சட்டைக் கொலர் மடிஞ்சு கிடக்கு," என்றாள். கஜந்தினி திரும்பி வந்து கழுத்தை நீட்டினாள். தாய் மடிப்பை நீவிவிட்டாள். மகள் முன்படியால் இறங்கிப் பஸ்ஸுக்குப் போனாள்.